கன்டெய்னர் அப்ளிகேஷனை மேனேஜ்டு கிளவுடில் ஏற்றி ஓட்டுவது எப்படி

டாக்கரில் கட்டிய அப்ளிகேஷன் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. இனி அதை நாலு பேர் பயன்படுத்தும்படி இணையத்தில் வைக்க வேண்டும். ஆனால் சர்வர் எடுத்து, லினக்ஸ் அப்டேட் போட்டு, நடுராத்திரி விழுந்தால் எழுந்து பார்க்கும் வேலை வேண்டாம். மேனேஜ்டு கன்டெய்னர் சேவைகள் இதற்காகத்தான் இருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மெஷின், அதன் ஆபரேட்டிங் சிஸ்டம், விழுந்த கன்டெய்னருக்குப் பதில் இன்னொன்றைக் கிளப்புவது ஆகியவை சேவை தருபவரின் பொறுப்பு. எந்த போர்ட்டில் கேட்பது, நிறுத்தச் சொன்னால் எப்படி நிற்பது, எவ்வளவு மெமரி எடுப்பது, டேட்டாபேஸுக்கு எத்தனை கனெக்‌ஷன் திறப்பது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. டெப்ளாய் தோற்கும் இடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் இருக்கின்றன. அதனால் கீழே அந்த எல்லையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

எந்தச் சேவையை எடுப்பது

கூகுள் கிளவுட் ரன் 2019-ல் வந்தது. இமேஜைக் காட்டினால் எச்டிடிபிஎஸ் முகவரியோடு சேவை தயாராகிவிடும். யாரும் வராத நேரத்தில் இன்ஸ்டன்ஸ் (ஓடும் கன்டெய்னர் பிரதி) எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கும். அசூர் கன்டெய்னர் ஆப்ஸ் 2022-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, குணமும் ஏறக்குறைய இதேதான். அடியில், பல கன்டெய்னர்களை ஒருங்கிணைத்து ஓட்டும் குபர்நெட்டிஸ் ஓடுகிறது, ஆனால் அது உங்கள் கண்ணில் படாது. அமேசானில் இசிஎஸ் என்ற கன்டெய்னர் சேவையை, மெஷினை அவர்களே பார்த்துக்கொள்ளும் ஃபார்கேட் மேல் ஓட்டுவது 2017 முதல் இருக்கிற வழி. அங்கே லோட் பேலன்சர், சப்நெட், செக்யூரிட்டி குரூப் எல்லாவற்றையும் நீங்களே கோக்க வேண்டும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் டாஸ்க், அதாவது அங்கே ஓடும் உங்கள் கன்டெய்னர், ஓடிக்கொண்டிருக்கும், மீட்டரும் ஓடும்.

ஒன்றிரண்டு வெப் சேவைகள் மட்டும் என்றால் கிளவுட் ரன் அல்லது கன்டெய்னர் ஆப்ஸ் போதும். டேட்டாபேஸ், க்யூ, ஸ்டோரேஜ் எல்லாம் ஏற்கெனவே அமேசானில் இருந்தால் ஃபார்கேட். கூகுளின் ஜிகேஇ, அமேசானின் இகேஎஸ், அசூரின் ஏகேஎஸ் போன்ற மேனேஜ்டு குபர்நெட்டிஸ் பக்கம், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் போங்கள். குபர்நெட்டிஸை இயக்கும் மையப் பகுதியான கன்ட்ரோல் பிளேனை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்தான். ஆனால் இகேஎஸில் ஒரு குபர்நெட்டிஸ் வெர்ஷனுக்கு வழக்கமான ஆதரவு 14 மாதம் மட்டுமே; அதற்குள் மேம்படுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் நீட்டித்த ஆதரவுக்குக் கூடுதல் கட்டணம். மூன்று சேவைகளுக்காக அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்வது வீண்.

இமேஜைச் சரியாகக் கட்டுவது

ஆப்பிளின் எம் வரிசை சிப் உள்ள மேக்கில் கட்டினால், எதுவும் குறிப்பிடாவிட்டால் ஆர்ம் இமேஜ்தான் வரும். கிளவுட் ரன் எதிர்பார்ப்பது 64-பிட் எக்ஸ்86 லினக்ஸ் இமேஜ். ஃபார்கேட்டும் டாஸ்க் டெஃபினிஷனில் (டாஸ்க் எப்படி ஓட வேண்டும் என்ற குறிப்பில்) மாற்றிச் சொல்லாதவரை அதையே எடுத்துக்கொள்ளும். பொருந்தாத இமேஜை ஏற்றினால் கன்டெய்னர் தொடங்கிய நொடியே செத்துவிடும். லாகில் ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்ற ஒரே ஒரு வரி இருக்கும். டாக்கர் பில்டு கட்டளையில் பிளாட்ஃபார்ம் ஃபிளாகைப் போட்டு லினக்ஸ்/ஏஎம்டி64 என்று கொடுத்தால் தீர்ந்தது. ஃபார்கேட்டில் வேண்டுமென்றே ஆர்ம் ஓட்டலாம், கட்டணமும் குறைவு. அப்போது டாஸ்க் டெஃபினிஷனின் ரன்டைம் பிளாட்ஃபார்மில் ஆர்ம்64 என்று எழுத மறக்கக் கூடாது.

டாக்கர்ஃபைலில் வரிசை முக்கியம். முதலில் டிபென்டென்சி பட்டியல் ஃபைலை மட்டும் காப்பி செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். உங்கள் புரோகிராம் கோடைக் காப்பி செய்யும் வரி அதற்குப் பிறகு வரட்டும். வரிசை தலைகீழானால் கோடில் ஓர் எழுத்து மாறினாலும் எல்லா பேக்கேஜும் மறுபடி இறங்கும். கம்பைலர், டெஸ்ட் கருவிகள் எல்லாம் மல்டி-ஸ்டேஜ் பில்டின் (இமேஜைப் பல கட்டமாகக் கட்டும் முறை) முதல் ஸ்டேஜோடு நின்றுவிட வேண்டும். டாக்கர்இக்னோர் ஃபைலில் கிட் ஃபோல்டரையும் என்வ் ஃபைலையும் சேர்த்துவிடுங்கள். பாஸ்வேர்டை பில்டு ஆர்க்யுமென்ட்டாகக் கொடுப்பது ஆபத்து: அது இமேஜின் ஹிஸ்டரியில் பதிந்துவிடும், இமேஜ் கையில் கிடைத்த யாரும் படிக்கலாம்.

டேக் விஷயத்தில் கறாராக இருங்கள். ‘லேட்டஸ்ட்’ என்ற டேக்கை வைத்து டெப்ளாய் செய்தால், இப்போது ஓடுவது எந்தக் கோடு என்று யாராலும் சொல்ல முடியாது; பின்வாங்க வேண்டிய நேரத்தில் எதற்குப் பின்வாங்குவது என்றும் தெரியாது. கிட் கமிட்டின் சுருக்க ஹாஷை டேக்காக வையுங்கள். அமேசானின் இமேஜ் கிடங்கான இசிஆரில் டேக்கை மாற்ற முடியாதபடி பூட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஒரே டேக்கில் இரண்டு இமேஜ் வரும் குழப்பமே இல்லை.

இமேஜ்களைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியும் சேவையும் ஒரே ரீஜியனில் இருக்கட்டும். இமேஜ் சீக்கிரம் இறங்கும், ரீஜியன் தாண்டும் டேட்டா கட்டணமும் மிஞ்சும்.

ஏற்றுவதற்கு முன் இரண்டு சோதனை

முதலாவது போர்ட். பல ஃப்ரேம்வொர்க்குகள் டெவலப்மென்ட் முறையில் 127.0.0.1-ல் மட்டுமே கேட்கும். கன்டெய்னருக்குள் அந்த முகவரிக்கு வெளியிலிருந்து யாரும் வர முடியாது. 0.0.0.0-ல் கேட்க வேண்டும். கிளவுட் ரன் போர்ட் எண்ணை ‘போர்ட்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் தரும், வழக்கமாக 8080. கோடில் 3000 என்று அடித்து வைக்காமல் அந்த வேரியபிளைப் படியுங்கள். கன்டெய்னர் 4 நிமிடத்துக்குள் அந்த போர்ட்டில் கேட்கத் தொடங்காவிட்டால் டெப்ளாய் தோற்கும். போர்ட்டில் கேட்கத் தவறியது என்று வரும் அந்த எரரைப் பார்த்து போர்ட் எண்ணையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பது பொதுவான கால விரயம். பல சமயம் உண்மைக் காரணம் வேறாக இருக்கும்: என்விரான்மென்ட் வேரியபிள் ஒன்று இல்லாமல் அப்ளிகேஷன் தொடக்கத்திலேயே செத்திருக்கும். லாகில் அந்த எரருக்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள், பதில் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, நிறுத்தம். இதைச் சோதிப்பவர்கள் குறைவு, ஆனால் ஒவ்வொரு டெப்ளாயிலும் சில ரிக்வெஸ்ட்கள் அறுந்துபோவது இதனால்தான். புதிய வெர்ஷன் வந்ததும் சேவை பழைய கன்டெய்னருக்கு, நிற்கச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் அனுப்பும். கிளவுட் ரன் அதன்பின் 10 வினாடி காத்திருக்கும், ஃபார்கேட் 30 வினாடி. ஃபார்கேட்டில் அதை 120 வரை நீட்டலாம். குபர்நெட்டிஸிலும் வழக்கம் 30-தான். அதற்குள் நிற்காவிட்டால் ‘சிக்கில்’ என்ற சிக்னல் வரும், கேள்வியே இல்லாமல் கொன்றுவிடும்.

அந்த சிக்டெர்ம் பெரும்பாலும் அப்ளிகேஷனுக்குப் போய்ச் சேருவதே இல்லை. டாக்கர்ஃபைலின் சிஎம்டி வரியில் கட்டளையை அப்படியே எழுதினால், டாக்கர் அதை ஒரு ஷெல்லுக்குள் வைத்து ஓட்டும். கன்டெய்னரின் முதல் பிராசஸ், அதாவது பிஐடி 1, அந்த ஷெல்லாகிவிடும். ஷெல் சிக்னலை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடும் நோடுக்கோ (நோட்.ஜேஎஸ்) பைத்தானுக்கோ கடத்தாது. கட்டளையைச் சதுர அடைப்புக்குள், ஒவ்வொரு சொல்லையும் மேற்கோளில் வைத்து எழுதினால் அப்ளிகேஷனே பிஐடி 1 ஆகும். தொடக்க ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் அதன் கடைசி வரி ‘எக்ஸெக்’ என்று தொடங்கட்டும்.

அதோடு வேலை முடியவில்லை. பிஐடி 1-க்கு லினக்ஸ் கர்னல் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் கோடு) எழுதாத சிக்னல் வந்தால் வழக்கமான ‘செத்துப்போ’ நடவடிக்கை அதன்மேல் செல்லாது. ஆகவே சிக்டெர்முக்கு நீங்களே ஹேண்ட்லர் எழுத வேண்டும். புதிய கனெக்‌ஷன் வாங்குவதை நிறுத்து, கையில் உள்ள ரிக்வெஸ்டை முடி, டேட்டாபேஸ் பூலை மூடு, 0 என்ற எக்ஸிட் கோடோடு வெளியேறு. சுத்தமாக முடிக்க எதுவும் இல்லாத அப்ளிகேஷன் என்றால் டினி போன்ற, சிக்னலை வாங்கிக் கடத்தும் சிறு இனிட் பிராசஸை முன்னால் வைத்தால் போதும். இசிஎஸ் டாஸ்க் டெஃபினிஷனில் இனிட் பிராசஸைப் போடும் தேர்வு தனியாகவே இருக்கிறது.

சோதிப்பது எளிது. லேப்டாப்பில் கன்டெய்னரை ஓட்டி, இன்னொரு ஜன்னலில் டாக்கர் ஸ்டாப் கொடுங்கள். ஒன்றிரண்டு வினாடியில் நின்றால் சரி. சரியாக 10 வினாடி கழித்து நின்றால் டாக்கர் பொறுத்துப் பார்த்துக் கொன்றிருக்கிறது என்று பொருள். வெளியேறும் கோடும் 137 என்று இருக்கும்.

கிளவுட் ரனில் ஏற்றும் படிகள்

1. புராஜெக்டில் கிளவுட் ரன், ஆர்ட்டிஃபாக்ட் ரெஜிஸ்ட்ரி இரண்டின் ஏபிஐ-யையும் இயக்குங்கள். பழைய கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரி 2025 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. அதைச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இனி உதவாது.

2. ஆர்ட்டிஃபாக்ட் ரெஜிஸ்ட்ரியில் டாக்கர் வகை ரெபாசிட்டரி ஒன்றை, சேவை ஓடப்போகும் ரீஜியனிலேயே உருவாக்குங்கள். ஜிக்ளவுட் கருவியைக் கொண்டு உங்கள் டாக்கருக்கு அதில் நுழையும் அனுமதியை அமைத்து, இமேஜைப் புஷ் செய்யுங்கள்.

3. சேவைக்கென்று தனியாக ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் (அப்ளிகேஷன் பயன்படுத்தும் அடையாளக் கணக்கு) உருவாக்குங்கள். நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் கம்ப்யூட் எஞ்சினின் இயல்பு அக்கவுன்ட் ஒட்டிக்கொள்ளும். பல புராஜெக்டுகளில் அதற்கு எடிட்டர் என்ற பரந்த அனுமதி இருக்கிறது. அப்ளிகேஷனில் ஓர் ஓட்டை விழுந்தால் புராஜெக்ட் முழுவதும் திறந்து கிடக்கும்.

4. சேவையை உருவாக்கும்போது மெமரி 512 எம்பி, 1 விசிபியு, குறைந்தபட்ச இன்ஸ்டன்ஸ் 0 என்று தொடங்கலாம். அதிகபட்ச இன்ஸ்டன்ஸை மட்டும் இயல்பு மதிப்பில் விடாதீர்கள். அதைக் கணக்குப் போடும் முறை பின்னால் வருகிறது.

5. பொதுமக்கள் பார்க்கும் தளம் என்றால் அடையாளம் காட்டாமல் அழைப்பதற்கு அனுமதி கொடுங்கள். டெப்ளாய் பச்சையாக முடிந்தும் முகவரியைத் திறந்தால் 403 வந்தால் காரணம் இதுதான்.

இயல்பு மதிப்புகளில் மூன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். முதலில் கன்கரன்சி. 1 விசிபியு இன்ஸ்டன்ஸுக்கு ஒரே நேரத்தில் 80 ரிக்வெஸ்ட் வரை அனுப்பும். நோடுக்கும் கோ மொழிக்கும் இது சரி. ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டை மட்டுமே பார்க்கும் பைத்தான் ஒர்க்கர் இரண்டே வைத்திருந்தால் மீதி 78 பேர் வரிசையில் நிற்பார்கள். சேவையோ இன்ஸ்டன்ஸ் நிரம்பவில்லை என்று நினைத்துப் புதிதாக ஒன்றைக் கிளப்பாது. கன்கரன்சி எண்ணை உங்கள் ஒர்க்கர், த்ரெட் பெருக்குத்தொகைக்கு அருகில் வையுங்கள்.

அடுத்தது சிபியு. ரிக்வெஸ்டுக்கு மட்டும் கட்டணம் என்ற முறையில், பதில் அனுப்பி முடிந்ததும் சிபியுவை ஏறக்குறைய முழுவதும் பிடுங்கிவிடும். பதிலைக் கொடுத்துவிட்டுப் பின்னணியில் மெயில் அனுப்பலாம் என்று எழுதிய கோடு பாதியில் உறைந்து, அடுத்த ரிக்வெஸ்ட் வரும்போது தொடரும், அல்லது தொடராமலே போகும். இந்த மாதிரி வேலையை க்யூவுக்குக் கொடுங்கள். முடியாவிட்டால் இன்ஸ்டன்ஸ் அடிப்படையிலான கட்டண முறைக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது ஃபைல் சிஸ்டம். கன்டெய்னருக்குள் நீங்கள் எழுதும் ஃபைல்கள் மெமரியில்தான் உட்காரும். 512 எம்பி இன்ஸ்டன்ஸில் 300 எம்பி வீடியோவைத் தற்காலிக ஃபோல்டரில் இறக்கினால் அப்ளிகேஷனுக்கு மிஞ்சுவது சொற்பம். வேலை முடிந்த ஃபைலை அழிப்பது இங்கே கட்டாயம்.

ஆள் இல்லாத நேரத்தில் பூஜ்யத்துக்கு இறங்கும் சேவைக்கு முதலில் வருபவர், கன்டெய்னர் எழும்வரை காத்திருக்க வேண்டும். அது பொறுக்க முடியாதென்றால் குறைந்தபட்ச இன்ஸ்டன்ஸை 1 ஆக்குங்கள். அதற்கு முன் தொடக்கத்தில் கோடு என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். தேவைப்படாத லைப்ரரிகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு எழும் அப்ளிகேஷனைச் சீர்செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

அசூரில் இதே வேலைக்கு இரண்டு எச்சரிக்கை போதும். வெளியிலிருந்து வரும் டிராஃபிக்கை அமைக்கும் இங்க்ரெஸ் பகுதியில் கொடுக்கும் டார்கெட் போர்ட், அப்ளிகேஷன் கேட்கும் போர்ட்டோடு பொருந்த வேண்டும். 240 வினாடிக்கு மேல் ஓடும் எச்டிடிபி ரிக்வெஸ்டை அது அறுத்துவிடும். நீண்ட வேலைகளை ஜாபாகப் பிரியுங்கள்.

ஃபார்கேட்டில் கோக்க வேண்டியவை

இங்கே பாகங்கள் அதிகம், அதனால் தவறும் வழிகளும் அதிகம். டாஸ்க் டெஃபினிஷன் என்பது இமேஜ், சிபியு, மெமரி, போர்ட், ரோல், லாக் எல்லாம் அடங்கிய குறிப்பு. சர்வீஸ் என்பது அந்தக் குறிப்பின்படி இத்தனை டாஸ்க் எப்போதும் ஓட வேண்டும் என்ற கட்டளை. இரண்டும் கிளஸ்டருக்குள் இருக்கும். முன்னால் அப்ளிகேஷன் லோட் பேலன்சர், அதன் பின்னால், ரிக்வெஸ்ட் எந்த டாஸ்க்களுக்குப் போக வேண்டும் என்ற பட்டியலான டார்கெட் குரூப்.

சிபியுவுக்கும் மெமரிக்கும் இஷ்டப்பட்ட எண் கொடுக்க முடியாது. 0.25 விசிபியுவுக்கு 0.5, 1, 2 ஜிபி மட்டுமே. 1 விசிபியுவுக்கு 2 முதல் 8 ஜிபி வரை. ஒவ்வொரு டாஸ்குக்கும் தனி ஐபி கிடைப்பதால் டார்கெட் குரூப்பின் வகை ‘ஐபி’ என்று இருக்க வேண்டும். ‘இன்ஸ்டன்ஸ்’ வகையில் உருவாக்கிவிட்டால் பின்னால் மாற்ற வழியில்லை, அழித்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். டாஸ்கின் செக்யூரிட்டி குரூப்பில் லோட் பேலன்சரின் செக்யூரிட்டி குரூப்பிலிருந்து மட்டும் அப்ளிகேஷன் போர்ட்டைத் திறந்தால் போதும். உலகத்துக்கே திறக்க வேண்டாம்.

ரோல்கள் இரண்டு. டாஸ்க் எக்ஸிகியூஷன் ரோல், கன்டெய்னர் எழுவதற்கு முன் இசிஎஸ் பயன்படுத்துவது: இமேஜை இழுக்க, சீக்ரெட்டை எடுக்க, லாகை அனுப்ப. டாஸ்க் ரோல், எழுந்தபின் உங்கள் கோடு பயன்படுத்துவது: எஸ்3 என்ற ஸ்டோரேஜில் ஃபைல் போட, க்யூவில் செய்தி எடுக்க. ஒன்றில் கொடுக்க வேண்டியதை இன்னொன்றில் கொடுத்துவிட்டுத் தேடுவது அடிக்கடி நடக்கும். எரர் எப்போது வருகிறது என்று பாருங்கள். கன்டெய்னர் எழவே இல்லை என்றால் எக்ஸிகியூஷன் ரோல். எழுந்து ஓடும்போது அனுமதி மறுப்பு வந்தால் டாஸ்க் ரோல்.

இமேஜை இழுக்க முடியவில்லை, ரெஜிஸ்ட்ரி அனுமதி கிடைக்கவில்லை என்று டாஸ்க் நின்றுபோனால், ரோலைப் பார்த்த கையோடு நெட்வொர்க்கையும் பாருங்கள். பிரைவேட் சப்நெட்டில் ஓடும் டாஸ்குக்கு வெளியே போக நேட் கேட்வே வேண்டும். அது இல்லாவிட்டால் இசிஆரின் ஏபிஐ, இசிஆரின் டாக்கர், லாகைச் சேமிக்கும் கிளவுட்வாட்ச் லாக்ஸ் ஆகியவற்றுக்கு விபிசி எண்ட்பாயிண்ட் (இணையம் தொடாமல் அமேசான் சேவைக்குப் போகும் வழி), எஸ்3-க்கு கேட்வே எண்ட்பாயிண்ட் இவ்வளவும் வேண்டும். எஸ்3-யை விட்டுவிடுபவர்கள் அதிகம். இமேஜின் லேயர்கள் உண்மையில் எஸ்3-யிலிருந்துதான் இறங்குகின்றன. சீக்ரெட்ஸ் மேனேஜர் பயன்படுத்தினால் அதற்கும் ஓர் எண்ட்பாயிண்ட். பப்ளிக் சப்நெட்டில் ஓட்டினால் பப்ளிக் ஐபி கொடுக்கும் தேர்வை இயக்க வேண்டும். இயக்காவிட்டால் இதே எரர்தான்.

அடுத்த பெரிய சிக்கல், டாஸ்க் எழுவதும் சாவதுமாகச் சுழல்வது. லோட் பேலன்சர் வழக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை ஹெல்த் செக் செய்யும். அடுத்தடுத்து 2 முறை தோற்றால் டாஸ்க் சரியில்லை என்று முடிவு கட்டும். உங்கள் அப்ளிகேஷன் எழ 90 வினாடி எடுத்தால், எழுவதற்குள் இசிஎஸ் அதைக் கொன்று புதியதைக் கிளப்பும், அதுவும் இதே கதிக்கு ஆளாகும். லாகில் எரரே இருக்காது, அதுதான் குழப்பம். சர்வீஸில் ஹெல்த் செக் கிரேஸ் பீரியடை, அப்ளிகேஷன் எழும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு வையுங்கள். ஹெல்த் செக்குக்கென்று தனிப் பாதை வைத்து, அதில் 200 மட்டும் திருப்புங்கள். அங்கே டேட்டாபேஸைத் தொட வேண்டாம். தொட்டால், டேட்டாபேஸ் ஒரு நிமிடம் தடுமாறும்போது எல்லா டாஸ்கும் ஒரே சமயத்தில் ‘நோயாளி’ ஆகி மொத்தமாகக் கொல்லப்படும். ஒரு நிமிடச் சிக்கல் பெரிய நிறுத்தமாக வளரும்.

சர்வீஸில் டெப்ளாய்மென்ட் சர்க்யூட் பிரேக்கரையும் அதன் ரோல்பேக் தேர்வையும் இயக்கிவிடுங்கள். புதிய டாஸ்க்கள் எழாமல் தொடர்ந்து தோற்றால் தானாகவே பழைய வெர்ஷனுக்குத் திரும்பும்.

அவ்வப்போது எட்டிப் பார்க்கும் 502

போக்குவரத்து குறைவாக இருக்கும்போதும், காரணமே தெரியாமல் நாளுக்குச் சில 502 வருகிறதா? லோட் பேலன்சர் தன் பின்னால் உள்ள கனெக்‌ஷனை 60 வினாடி சும்மா வைத்திருக்கும். நோடின் எச்டிடிபி சர்வர் நெடுங்காலமாக 5 வினாடியிலேயே சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை மூடும் வழக்கம் கொண்டது. லோட் பேலன்சர் ரிக்வெஸ்டை அனுப்பும் அதே கணத்தில் நோட் கனெக்‌ஷனை மூடினால் பார்ப்பவருக்கு 502. அப்ளிகேஷனின் கீப்-அலைவ் நேரம் லோட் பேலன்சரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. 65 வினாடி வையுங்கள்.

மெமரியும் 137-ம்

கன்டெய்னர் 137 என்ற கோடோடு செத்தால் அது சிக்கில் வாங்கியிருக்கிறது: 128-உடன் 9. நிறுத்தும் நேரத்தில் வந்தால் மேலே சொன்ன சிக்டெர்ம் விவகாரம். ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால் மெமரி வரம்பைத் தாண்டியிருக்கிறது. 143 என்றால் சிக்டெர்மில் நின்றது. 127 என்றால் தொடக்கக் கட்டளையே கிடைக்கவில்லை, பாதையைச் சரிபாருங்கள்.

ஜாவாவில் வேறு மாதிரிச் சிக்கல் உண்டு. புதிய ஜேவிஎம்கள் கன்டெய்னரின் வரம்பைப் படிக்கும், ஆனால் ஹீப்புக்கு (அப்ளிகேஷனின் டேட்டா இருக்கும் மெமரி) அதில் கால் பங்கை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 2 ஜிபி வாங்கிவிட்டு 512 எம்பியில் மூச்சுத் திணறும். அதிகபட்ச ரேம் சதவீதத்தை 70 முதல் 75 வரை உயர்த்துங்கள். மீதி, த்ரெட் ஸ்டேக்குக்கும் மெட்டாஸ்பேஸுக்கும் வேண்டும். 90-க்குப் போனால் 137 திரும்பி வரும்.

டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கணக்கு

தானாகப் பெருகும் சேவைக்குப் பின்னால் தானாகப் பெருகாத டேட்டாபேஸ் நிற்கிறது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 கனெக்‌ஷன் அனுமதிக்கும். அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை. பைத்தானின் டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்க்யூஎல்ஆல்கெமி இயல்பாக 5 கனெக்‌ஷன் பூலும், நெருக்கடியில் கூடுதலாக 10-ம் திறக்கும், அதாவது ஒரு பிராசஸுக்கு 15. கன்டெய்னருக்குள் 2 ஒர்க்கர் பிராசஸ் என்றால் 30. நாலாவது இன்ஸ்டன்ஸ் எழும்போது 120, டேட்டாபேஸ் கதவைச் சாத்திவிடும்.

டெப்ளாய் நேரத்தில் பழைய இன்ஸ்டன்ஸ்களும் புதியவையும் சிறிது நேரம் சேர்ந்தே ஓடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பூலை 3 ஆகவும் கூடுதலை 0 ஆகவும் வைத்தால் 2 ஒர்க்கருக்கு 6. நிர்வாக வேலைகளுக்கு 10 விட்டு மீதி 90-ஐ 6 ஆல் வகுத்தால் 15. டெப்ளாய் நேரத்து இரட்டிப்புக்காகப் பாதியாக்கினால் 7. அதிகபட்ச இன்ஸ்டன்ஸ் அதுதான். அது போதாதென்றால் நடுவில் பிஜிபவுன்சர் போன்ற பூலரை வையுங்கள், அல்லது பெரிய டேட்டாபேஸ் எடுங்கள். இந்த எண்ணைக் கணக்குப் போடாமல் இன்ஸ்டன்ஸ் வரம்பை 100-ல் விடுவது, கூட்டம் வரும் நாளில்தான் தன் குணத்தைக் காட்டும்.

சீக்ரெட், மைக்ரேஷன், பின்வாங்கல்

பாஸ்வேர்டையும் ஏபிஐ சாவியையும் சீக்ரெட் மேனேஜரில் வைத்து, டெப்ளாய் அமைப்பில் அதைச் சுட்டுங்கள். என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுத்த சீக்ரெட் கன்டெய்னர் எழும்போது ஒரே ஒருமுறைதான் படிக்கப்படும். பாஸ்வேர்டை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர் பழையதையே பிடித்திருக்கும். இசிஎஸில் ‘ஃபோர்ஸ் நியூ டெப்ளாய்மென்ட்’ கொடுத்துப் புதிதாக எழுப்புங்கள். கிளவுட் ரனில் சீக்ரெட்டை வால்யூமாக மவுன்ட் செய்தால் படிக்கும்போதெல்லாம் புதியதே கிடைக்கும்.

டேட்டாபேஸ் மைக்ரேஷனை, அதாவது டேபிள் அமைப்பை மாற்றும் வேலையை, தொடக்க ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். ஐந்து இன்ஸ்டன்ஸ் ஒரே நேரத்தில் எழுந்தால் ஐந்தும் டேபிளை மாற்றப் போட்டியிடும். கிளவுட் ரன் ஜாப் அல்லது தனி இசிஎஸ் டாஸ்காக, டெப்ளாய்க்கு முன் ஒருமுறை ஓட்டுங்கள். பழைய கோடும் புதிய கோடும் சேர்ந்து ஓடும் நேரம் இருப்பதால் டேபிள் நெடுவரிசையின் பெயரை ஒரே அடியில் மாற்ற முடியாது. புதிய நெடுவரிசையைச் சேர்த்து, கோடை மாற்றி, எல்லாம் நிலைத்தபின் அடுத்த டெப்ளாயில் பழையதை நீக்குங்கள்.

கிளவுட் ரனில் புதிய ரிவிஷனை டிராஃபிக் இல்லாமல், ஒரு டேக்கோடு டெப்ளாய் செய்யலாம். அந்த டேக்குக்குத் தனி முகவரி கிடைக்கும். அங்கே லாகின், பணம் செலுத்துதல் என்று முக்கியமான வழிகளைச் சோதித்துவிட்டு, 10 சதவீத டிராஃபிக்கை மாற்றி, எரர் விகிதம் ஏறவில்லை என்றால் 100-க்குக் கொண்டுபோங்கள். தவறினால் டிராஃபிக்கைப் பழைய ரிவிஷனுக்குத் திருப்புவது சில வினாடி வேலை, இமேஜை மறுபடி கட்டத் தேவையில்லை.

லாக்

ஃபைலில் எழுதாதீர்கள், கன்டெய்னரோடு அழிந்துவிடும். ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் எழுதினால் சேவையே எடுத்துக்கொள்ளும். ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி ஜேசன். பல வரி ஸ்டாக் ட்ரேஸை அப்படியே கொட்டினால் ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பதிவாகச் சிதறும். பைத்தானில் வெளியீடு பஃபரில் தங்கி, செத்த கன்டெய்னரின் கடைசி வரிகள் காணாமல் போவதுண்டு. பஃபரை நிறுத்தும் என்விரான்மென்ட் வேரியபிளை டாக்கர்ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.

செலவு கசியும் இடங்கள்

பில்லைப் பார்த்து அதிர்பவர்கள் கன்டெய்னரின் கட்டணத்தைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். பல சமயம் காரணம் சுற்றியிருப்பவைதான். லோட் பேலன்சரும் நேட் கேட்வேயும் ரிக்வெஸ்ட் வந்தாலும் வராவிட்டாலும் மணிக்கணக்கில் கட்டணம் ஏற்றும். நேட் வழியாகப் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம், இமேஜ் இழுப்பதும் அதில் சேரும். அமேசானில் 2024 பிப்ரவரியிலிருந்து பயன்பாட்டில் உள்ள பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் கட்டணம் உண்டு. கிளவுட்வாட்ச் லாக் குரூப் இயல்பாக எந்த லாகையும் அழிப்பதில்லை. 14 அல்லது 30 நாள் என்று நீங்களே வரம்பு போடுங்கள். ரெஜிஸ்ட்ரியிலும் கடைசி 20 இமேஜ் மட்டும் வைத்துக்கொள்ளும் விதி ஒன்று போதும்.

பட்ஜெட் அலர்ட்டை முதல் நாளே போடுங்கள். ஆனால் அது மெயில் மட்டும் அனுப்பும், செலவை நிறுத்தாது. செலவுக்கு உண்மையான கடிவாளம் அதிகபட்ச இன்ஸ்டன்ஸ் எண்தான்.

சோதனைக்காக ஃபார்கேட்டில் அமைத்ததைக் கலைக்கும்போது வரிசை இது: சர்வீஸில் டாஸ்க் எண்ணிக்கையை 0 ஆக்கி சர்வீஸை அழியுங்கள், பிறகு லோட் பேலன்சர், டார்கெட் குரூப், அதன்பின் நேட் கேட்வே. நேட் கேட்வேயை அழித்தாலும் அதோடு ஒட்டியிருந்த எலாஸ்டிக் ஐபி உங்கள் கணக்கிலேயே தங்கி, சும்மா கிடந்தபடி பில்லில் ஏறும். அதைத் தனியாக விடுவிக்க வேண்டும். விபிசி எண்ட்பாயிண்ட்களுக்கும் மணிக்கணக்கில் கட்டணம் உண்டு, எஸ்3 கேட்வே எண்ட்பாயிண்ட் மட்டும் இலவசம்.